வீடு மாறும்போது

ஒரு வீட்டை வேறு காரியத்துக்காக மாற்றியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்.

2007ல் ஆன்சைட் என்று சொல்லி ஐந்து வாரத்துக்கு என்னை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆபீஸில் போட்டுக்கொடுத்த ஓட்டல் ப்ளூம்ஸ்பரி பகுதியில், பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து நடக்கிற தூரம். ஓட்டல் என்றதும் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட் என்றெல்லாம் கற்பனை வேண்டாம். தெருவில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய செங்கல் வீடுகளில் நாலு வீட்டைச் சேர்த்து, நடுச்சுவர்களில் வழி உடைத்து, லாட்ஜ் ஆக்கியிருந்தார்கள். என் அறை எட்டடி அகலம், பதினோரு அடி உயரம். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், கூரையை ஒட்டி மூன்று சுவர்களில் சாந்தில் செய்த பூவேலை வரிசையாக ஓடுகிறது. நாலாவது சுவர் மொட்டை. கூரை நடுவில் விளக்குத் தொங்கவிடுவதற்காகச் செய்த பெரிய வட்டப் பூ. அதில் பாதி எனக்கு. மீதிப் பாதி தடுப்புக்கு அந்தப் பக்கம், ராத்திரி முழுக்கக் குறட்டை விட்ட யாரோ ஒரு புண்ணியவானுக்கு.

அந்த மொட்டைச் சுவர் பிற்பாடு வந்தது. ஒரு காலத்தில் விருந்தாளிகளை உட்காரவைத்த பெரிய கூடம், இரண்டரை அறையாகியிருக்கிறது. அரை என்பது பாத்ரூம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மாயவரம் பக்கம் இருக்கும் அப்பா வீட்டை ஓட்டலாக மாற்றித் தருகிறேன் என்று ஒரு பார்ட்டி வந்திருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் செங்கல்.

ஜார்ஜியன் வீடு என்கிறார்களே, அது யாரோ ஒரு ஜார்ஜ் துரை கட்டிய வீடு இல்லை. 1714 முதல் 1830 வரை வரிசையாக நாலு ஜார்ஜ்கள் இங்கிலாந்தை ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டட முறைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கணக்கில் சொன்னால் தஞ்சாவூரில் மராத்திய ராஜாக்கள் இருந்த காலம். இரண்டாம் சரபோஜி சரஸ்வதி மகாலுக்குப் புத்தகம் சேர்த்துக்கொண்டிருந்தபோது அங்கே மூன்றாம் ஜார்ஜ்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீடுகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரே நிற்கும் செங்கல் சுவர். அகலத்துக்கு மூன்று சன்னல், ஓரமாக ஒரு கதவு. கதவுக்கு மேல் விசிறியை விரித்த மாதிரி கம்பி போட்ட அரைவட்டக் கண்ணாடி. அது அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருக்கும் நடைக்கு வெளிச்சம் அந்த வழியாகத்தான் வரவேண்டும். அலங்காரம் என்றால் வாசலோடு சரி. பெட்ஃபோர்ட் சதுக்கம் என்று ஓர் இடம், 1775ல் ஆரம்பித்து 1783 வாக்கில் கட்டி முடித்தது, நாலு பக்கமும் இன்னும் அப்படியே நிற்கிறது. அங்கே வாசல் வளைவின் உச்சியில் ஒரு முகம் இருக்கும். கல்லில் செதுக்கியது போலத் தெரியும். உண்மையில் அது அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டது. எலினார் கோட் என்ற அம்மாள் 1769லிருந்து லாம்பெத்தில் பட்டறை வைத்து இதைச் செய்து விற்றார். நம் ஊர் ஐயனார் குதிரைக்கு ஒரு விதத்தில் சொந்தம்.

சன்னல்களைக் கவனித்தால் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். முதல் மாடியில் ஆளுயரத்துக்கு மேல் சன்னல், ஏனென்றால் விருந்தாளிகள் அங்கே. அதற்கு மேல் படுக்கையறைகள், சன்னல் கொஞ்சம் குட்டை. உச்சியில் பரண் மாதிரி ஓர் இடம், அங்கே வேலைக்காரப் பெண்கள், சன்னல் கையகலம். சமையல் தரைக்குக் கீழே, நிலவறையில். சூடான சூப்பை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

அழகு என்று நாம் போட்டோ எடுப்பதில் பாதிக்கு மேல் சட்டத்தின் வேலை. 1666ல் லண்டன் தீப்பற்றி எரிந்ததற்குப் பிறகு அவர்களுக்கு மரம் என்றாலே பயம். கூரையின் மர விளிம்பு தெருவில் நீட்டக்கூடாது என்று 1707ல் சட்டம் வந்தது. அதனால்தான் சுவர் கூரைக்கு மேலும் கைப்பிடிச் சுவராக எழும்பி ஓட்டை மறைக்கிறது. சன்னல் மரச்சட்டம் சுவர் முகத்திலிருந்து நாலு அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கவேண்டும் என்று 1709ல் இன்னொன்று. 1774ல் வந்த சட்டம் வீடுகளை நாலு தரமாகப் பிரித்து, எந்தத் தரத்துக்குச் சுவர் எவ்வளவு கனம் என்று எழுதிவைத்தது. இது போக வரி. 1696 முதல் 1851 வரை சன்னலுக்கு வரி. பணம் மிச்சம் பிடிக்க சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் உண்டு. 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கே வரி. எண்ணிக்கைக்கு வரி என்றதும் சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக அறுக்க ஆரம்பித்தார்கள். வரி எங்கே இருக்கிறதோ அங்கே மூளையும் வேலை செய்யும்.

கட்டியவர்களும் பிரபுக்கள் இல்லை. நிலம் பிரபுவுடையது. அதைத் தொண்ணூற்றுச் சொச்சம் வருஷக் குத்தகைக்கு எடுத்து, நாலு சுவரும் கூரையும் எழுப்பி, உள்வேலையைக் குடிவருபவர் தலையில் கட்டிவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடுகிற மேஸ்திரிகள். விமான் நகரில் வீடு வாங்கினவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

எனக்கு அந்த ஐந்து வாரத்தில் பிடிபட்ட விஷயம் வேறு. வீட்டுக்குள் மாடிப்படி ஓர் ஓரமாக ஏறுகிறது. ஒவ்வொரு மாடியிலும் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. இரண்டுக்கும் படிக்கட்டுப் பக்கம் தனித்தனிக் கதவு. எந்த அறைக்குப் போகவும் இன்னோர் அறைக்குள் நுழைய வேண்டாம். உள்தடுப்புகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பட்டி அடித்துச் சாந்து பூசியவை. அதனால் மாடிக்கு ஒரு குடித்தனம் வைக்கலாம், வக்கீல் ஆபீஸ் வைக்கலாம், பல் டாக்டர் வரலாம், லாட்ஜ் நடத்தலாம். வீடு முகம் சுளிக்காது.

அதே பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் 34 முதல் 36 வரை மூன்று வீடுகள் 1917லிருந்து கட்டடக்கலை படிக்கிற பள்ளிக்கூடம். ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் என்று பெயர். இலங்கையின் ஜெஃப்ரி பாவா வக்கீல் வேலையை விட்டுவிட்டு வந்து படித்தது அங்கேதான். 1957ல் படிப்பை முடிக்கும்போது அவருக்கு வயது 38. நாற்பதை நெருங்கிக்கொண்டு புதிதாக ஒன்று படிக்கலாமா என்று யோசிக்கிற பொட்டி தட்டும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும். முற்றமே இல்லாத வீட்டில் உட்கார்ந்து படித்தவர், கொழும்புக்குத் திரும்பிப் போய்ச் செய்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று முற்றத்தை நகரத்துக்குள் கொண்டுவந்தது. ஏனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் அவர் கட்டிய வீட்டில் நடுமுற்றத்தைச் சுற்றித்தான் எல்லாமே. 2009ல் அந்த இடம் விலைபோனபோது வீட்டைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, பாவாவின் லுணுகங்க தோட்டத்தில் திரும்ப எழுப்பினார்கள். அவருடைய சொந்த வீடு இன்னும் சுவாரசியம். கொழும்பில் ஒரு சந்தில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை 1958லிருந்து ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கினார். ப்ளூம்ஸ்பரியில் எனக்கு லாட்ஜ் போட்டவர்களும் நாலு வீட்டைத்தான் ஒன்றாக்கினார்கள். வித்தியாசம் என்னவென்றால், பாவா அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டார்.

மாற்றிய வீடுகளில் உலகப் பிரசித்தமானது பத்தாம் எண் டவுனிங் தெரு. பிரதம மந்திரி வாசலில் நின்று டிவிக்குப் பேசுவாரே, அது. 1732 முதல் 1735 வரை வில்லியம் கென்ட் என்பவர் மூன்று வீடுகளைச் சேர்த்துச் செய்தது. கறுப்புச் செங்கல் போலத் தெரிகிற அந்த முகப்பு உண்மையில் மஞ்சள் செங்கல். இரு நூறு வருஷ நிலக்கரிப் புகை படிந்து கறுத்துப்போனது. பிறகு மராமத்துக்காகச் சுத்தம் பண்ணியபோது மஞ்சள் வெளியே வந்தது. ஜனங்களுக்குப் பழகிப்போன நிறம் வேண்டும் என்று கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்!

அதே 1732ல் இங்கே புனேயில் சனிவார் வாடா கிருகப்பிரவேசம். வாடா என்றால் ‘வாடா போடா’ இல்லை, மராத்தியில் பெரிய வீடு. பேஷ்வாவின் அரண்மனை அது. கல்லில் கட்டும் உரிமை சத்ரபதிக்கு மட்டும்தான் என்று சத்தாராவிலிருந்து ஆட்சேபம் வந்ததால், அடித்தளத்துக்கு மேலே செங்கல்லுக்கு மாறினார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள். 1828ல் பிடித்த தீயில் உள்ளே இருந்த மர மாளிகைகள் எல்லாம் போய், வெளி மதில்தான் மிச்சம். மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. லைட் அண்ட் சவுண்ட் ஷோ போடலாம். போட்டார்கள்.

மாற்றிய வீட்டைப் பார்க்கவேண்டும் என்றால் விஷ்ராம்பாக் வாடாவுக்குப் போகவேண்டும். விமான் நகர்க்காரர்களுக்கு வழி: ராம்வாடியில் மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட்டில் மாறி, மண்டையில் இறங்கவும். மண்டை என்றால் காய்கறிச் சந்தை. ‘மண்டையில் இறங்கி வாடாவுக்குப் போனேன்’ என்று போனில் சொன்னால் ஊரில் உங்களுக்கு வேப்பிலை அடிப்பார்கள். அங்கிருந்து துள்சிபாக் நெரிசலில் தங்கமணியின் கையைப் பிடித்துக்கொண்டு (பர்ஸையும்தான்) ஐந்து நிமிஷம் நடந்தால் பாஜிராவ் சாலையில் மரத்தாலான அந்த முகப்பு வந்துவிடும்.

கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்காக 1807 வாக்கில் கட்டியது. இங்கிலாந்துக் கணக்கில் இதுவும் ஜார்ஜியன் காலத்துச் செங்கல் வீடுதான். அடியில் கருங்கல் பீடம். அதன்மேல் தேக்குத் தூண், தேக்கு உத்தரம். இடைவெளியை அடைத்தது செங்கல். லண்டனில் செங்கல் பாரம் தாங்குகிறது, மரம் தடுப்பு. இங்கே மரம் பாரம் தாங்குகிறது, செங்கல் தடுப்பு. தூண்கள் சவுக்கு மரம் போல அடியில் பருத்து மேலே மெலிந்து போகும். சுரு என்பார்கள். தூணின் தலையில் வாழைப்பூ தொங்குகிற மாதிரி செதுக்கல். சாலையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் மாடத்தின் மரவேலையைப் பார்த்தால் செட்டிநாட்டு ஆசாரிகள் யாரோ வந்து போனார்களோ என்று தோன்றும்.

பாஜிராவ் அதில் பதினோரு வருஷம்தான் இருந்தார். 1818ல் ராஜ்யம் போயிற்று, பென்ஷன் கொடுத்து பிட்டூருக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அந்த வீடு எடுத்த அவதாரங்களைக் கேளுங்கள். 1821ல் சமஸ்கிருதக் கல்லூரி. அதுதான் வளர்ந்து டெக்கான் கல்லூரி ஆகி, 1868ல் எரவாடாவில் புதுக் கட்டடத்துக்குப் போனது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம், திலகர் படித்த இடம். 1879ல் வாடாவில் தீ. முகப்புப் பக்கம் எரிந்துபோக, ஊர் ஜனங்கள் பணம் போட்டு எழுப்பினார்கள். அப்புறம் நகராட்சி ஆபீஸ், 1959 வரை. ரொம்ப காலமாக ஒரு பக்கம் தபால் ஆபீஸ். அப்புறம் ஊர்ச் சரித்திரக் கண்காட்சி.

ராஜா வீடு, பாடசாலை, முனிசிபாலிட்டி, போஸ்ட் ஆபீஸ். இத்தனைக்கும் அது எப்படி ஈடுகொடுத்தது? உள்ளே போனால் புரிகிறது. மூன்று முற்றங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் தாழ்வாரம். எந்த அறைக்கும் தாழ்வாரத்திலிருந்து நேரே நுழையலாம். லண்டன் வீட்டில் படிக்கட்டு பார்க்கிற வேலையை இங்கே முற்றம் பார்க்கிறது. அறைகளை என்னவேண்டுமானாலும் செய்தார்கள், முற்றத்தை யாரும் அடைக்கவில்லை. அதனால் இன்னும் மூச்சு விடுகிறது.

எல்லா வாடாவுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பேட்டைகளில் நூற்றுக்கணக்கில் இருந்த வாடாக்களை அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வாடகை பழைய காலத்திலேயே நின்றுபோனது. வருகிற வாடகையில் ஓடு மாற்றமுடியாது என்று வீட்டுக்காரர் விட்டுவிட்டார். போனால் திரும்ப வரமுடியாது என்று குடித்தனக்காரர் காலி பண்ணவில்லை. முற்றத்தில் தகரம் போட்டு இன்னொரு குடித்தனம். 1961 ஜூலை 12ல் பான்ஷெட் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் ஆற்றோரத்தில் பல போயின. மழைக்காலத்தில் வாடாச் சுவர் விழுந்தது என்று இங்கே பேப்பரில் இன்றைக்கும் செய்தி வரும். நம்மவர்கள் நிறையப் பேர் முதலில் குடிவந்த ராஸ்தா பேட்டையில் அந்த மாதிரி ஒரு வாடா அறையில் குழந்தைப் பருவத்தைக் கழித்த பெரியவர் ஒருவர் எனக்குத் தெரியும். ‘அழகா? மழை பேஞ்சா மூணு பக்கெட் வைக்கணும் சார்’ என்பார். கலாசாரம் பேசுகிறவர்கள் இந்த பக்கெட்டுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வீட்டை மாற்றுவதில் அக்கம்பக்கமும் ஒரு கட்சி. அம்பேத்கர் லண்டனில் படித்தபோது 1921-22ல் தங்கியிருந்த வீட்டை 2015ல் மகாராஷ்டிர அரசு வாங்கியது. கிங் ஹென்றி சாலையில் பத்தாம் எண். அது ஜார்ஜியன் இல்லை, அடுத்த தலைமுறை, விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. அதை நினைவு இல்லமாக நடத்த உள்ளூர் கவுன்சில் அனுமதிக்கவில்லை. குடியிருப்பு வீடு குறைகிறது, கூட்டம் வரும் என்று ஆட்சேபங்கள். விசாரணையெல்லாம் நடந்து 2020ல்தான் அனுமதி கிடைத்தது. ஒரு சுவரைக்கூட இடிக்காமல், வீட்டின் உபயோகத்தை மாற்றுவதற்கே இத்தனை பாடு.

இனி எங்கள் வீடு.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை. ஒரு கோடியில் நின்றால் மறுகோடி வரைக்கும் கண் போகும். முன்பக்கம் மட்டும் மாடி, அதற்கு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை வரிசை, அதன்மேல் குறுக்குவாட்டில் குத்துக்கல்லாக வைத்த செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. மற்ற இடமெல்லாம் நாட்டு ஓடு. அப்பா போனபிறகு அம்மா எங்களோடு விமான் நகரில், ஆறாவது மாடியில். வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக்கிடக்கிறது. அண்ணா துபாய், தங்கை கோயம்புத்தூர். மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நல்ல விலைக்கு வாங்கி, இடித்துவிட்டு, எட்டு ஃப்ளாட் போடுவார். இன்னொரு பார்ட்டி வாங்காது, பதினைந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து ‘ஹெரிடேஜ் ஸ்டே’ நடத்தும். அண்ணாவுக்கு முதல் ஆள் பக்கம் சாய்வு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவளுக்கு அடுத்த வருஷம் காலேஜ், அவருக்குப் பணம் இப்போது வேண்டும். எனக்கு அந்த அவசரம் இல்லை, அதனால் நான் பழமையைப் பற்றிப் பேசுவது சுலபம். இதை அண்ணா போனில் சொல்லியும் விட்டார், கொஞ்சம் காரமாகவே.

ஸ்டே பார்ட்டி வரைபடம் அனுப்பியது. முற்றத்துக்கு மேல் சீல் வைத்த மாதிரி கண்ணாடிக் கூரை, கீழே ஏசி, அது ‘லாபி’. திண்ணையைக் கண்ணாடிச் சுவரால் அடைத்து ரிசப்ஷன். கூடத்தைத் தடுத்து மூன்று அறை, மாடியில் இரண்டு, எல்லாவற்றுக்கும் சேர்ந்தாற்போல் பாத்ரூம். சுவர் முழுக்க சிமெண்ட் பூசி, பழைய தோற்றம் வருகிற மாதிரி பெயிண்ட்.

கூடத்தைத் தடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தடுப்பு என்பது நாளைக்கு எடுத்துவிடக்கூடியது. ஆனால் மெட்ராஸ் டெரஸுக்கு மேல் இரண்டு பாத்ரூம் என்றால் ஐந்தே வருஷத்தில் தேக்குக் கட்டையின் முனைகள், சுவருக்குள் போகிற இடத்தில், இற்றுப்போகும். கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் கூரையோடு வரும். சிமெண்ட் அதைவிட மோசம். சுண்ணாம்பில் கட்டிய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் போட்டால் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிரும். லண்டனிலும் இதே பஞ்சாயத்துதான். பழைய செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் வைத்துப் பூசிய வீடுகளில் சாந்து கெட்டியாக நிற்கிறது, கல் முகம் பெயர்ந்து விழுகிறது. அதனால் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் திரும்பவும் சுண்ணாம்புக்கே போகிறார்கள்.

முற்றம்தான் என் பெரிய சண்டை. விஷ்ராம்பாக்கில் எடுத்த போட்டோக்களையெல்லாம் போட்டு, முற்றத்தை மூடினால் இந்த வீட்டில் சூடு வெளியே போக வேறு வழி இல்லை என்று அண்ணாவுக்கும் தங்கைக்கும் நீளமாக ஒரு மெயில் தயார் பண்ணினேன். அனுப்புவதற்கு முன்னால் வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“முத்தத்துக்கு மேல கூரையா? போடட்டுமே.”

“என்னம்மா இப்படிச் சொல்றே?”

“வேற எப்படிடா சொல்றது? அடுக்களைலேருந்து கூடத்துக்கு சோத்துப் பானையத் தூக்கிண்டு ஐப்பசி மழைல நாந்தானே போனேன்? பாசி வழுக்கி ரெண்டு தடவை விழுந்தேன். வத்தல் காயப்போட்டா வானத்தையே பாத்துண்டு நிக்கணும். கூரை போடுங்கோன்னு உங்கப்பாகிட்ட முப்பது வருஷம் கேட்டேன். அவர் நிலா தெரியணும்பார். அவருக்கென்ன, ஊஞ்சல்ல உக்காண்டு பாத்தார்.”

தங்கமணி உள்ளே இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அம்மா வரைபடத்தில் விரலை வைத்தாள். திண்ணைமேல். “இதை ஏன் அடைக்கிறான்?”

ரிசப்ஷன் என்றேன். ஆபீஸ் மாதிரி, வருகிறவர்கள் பேர் எழுதுகிற இடம்.

“பேரை உள்ள வந்து எழுதட்டும். தபால்காரர் சைக்கிளை நிறுத்திட்டு எங்க உக்காருவார்? பூக்காரி கூடையை எங்க எறக்குவா? மத்தியானம் கீரை விக்கறவ அங்கதான் சாப்பிடுவா. அவகிட்ட நாம எடம் வாடகைக்கு விட்டுட்டோம்னு யார் சொல்றது, நீயா?”

லண்டன் வீட்டு வாசலுக்கு முன்னால் நிலவறைக்கு வெளிச்சம் போவதற்காக ஒரு பள்ளம் விட்டு, சுற்றி இரும்புக் கம்பி நட்டிருப்பார்கள். தெருவில் போகிறவன் சுவரைத் தொடக்கூட முடியாது. விஷ்ராம்பாக் மாடம் தெருவுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடியில் நிற்கிறது, ராஜா பார்ப்பார், ஜனங்கள் பார்க்கப்படுவார்கள். ஓட்டலுக்கு எடுத்த வீட்டில், வாடகை தராத ஒருத்தி வந்து உட்கார்ந்து சாப்பிட இடம் விடவேண்டும் என்பதற்கு நான் பார்த்த இரண்டு ஊரிலும் முன்மாதிரி கிடையாது. வரைபடத்தில் அந்தத் திண்ணை மூன்றடி அகலம், பதினாலடி நீளம். பார்ட்டிக்கு அது வீணாகிற இடம்.

மெயிலைத் திருத்தினேன். முற்றத்தில் கூரை போடலாம், ஆனால் சுற்றிலும் இரண்டடி தூக்கி, பக்கவாட்டில் திறந்து, மழை உள்ளே வராமல், காற்று மட்டும் வெளியே போகிற மாதிரி. செட்டிநாட்டில் சில வீடுகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏசி வேண்டுமானால் அறைக்குள் வைத்துக்கொள்ளட்டும். பாத்ரூம் எல்லாம் தரையில், கிணற்றடிப் பக்கம் புதிதாகக் கட்டட்டும், மாடியில் ஒன்றுகூடாது. பூச்சு சுண்ணாம்பு. திண்ணை திறந்தே இருக்கவேண்டும், குத்தகைப் பத்திரத்திலேயே அதை எழுதவேண்டும். ரிசப்ஷன் ரேழியில்.

பார்ட்டி போனில் சொன்ன பதில்: மாடி அறை இரண்டும் பாத்ரூம் இல்லாமல் போகாது, ஆக அறை ஐந்திலிருந்து மூன்றாகிறது, அதனால் குத்தகையைக் குறைக்கவேண்டி வரும். எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கப் பதினைந்து நாள் கேட்டிருக்கிறார்கள். தங்கை ‘திண்ணை இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் போட்டாள். அண்ணா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பங்கில் குறைகிற பணத்தைக் காலேஜ் முடிகிறவரை நான் ஈடுகட்டலாமா என்று தங்கமணியிடம் பேச்செடுத்திருக்கிறேன். எக்செல் ஷீட் திறந்திருக்கிறது. இங்கே ஃப்ளாட் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி.

இதற்கிடையில் இரண்டாங்கட்டில் ஓடு சரிந்து தண்ணீர் இறங்குகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து போட்டோ அனுப்பினார்கள். யார் எடுத்தாலும் சரி, ஐப்பசிக்கு முன்னால் மாற்றியாகவேண்டும். ஓடு போடத் தெரிந்த ஆள் ஒருவர் சீர்காழியில் இருக்கிறாராம். திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.